சாவியைத் தராத கொடை

சொந்தமாக வலைப்பதிவு நடத்துகிறவர்களில் கொஞ்சம் நிரல் தெரிந்தவர்கள் எழுத்தோடு நிற்பதில்லை. வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருளில் தங்களுக்கு வேண்டியது இல்லையென்றால் அதைத் தாங்களே ஒரு செருகுநிரலாக எழுதிக்கொள்கிறார்கள். பதிவின் தலைப்புக்குக் கீழே ஆங்கிலத் தேதியோடு தை 5 என்று தமிழ்த் தேதியும் வர வேண்டும். பழைய டிஸ்கி குறியேற்றத்தில் கிடக்கும் கட்டுரையை ஒட்டினால் யூனிகோடாக மாறிவிட வேண்டும். இப்படிச் சின்னச் சின்னத் தேவைகள். நூறு இருநூறு வரி போதும். எழுதியவர் அதைப் பூட்டி வைப்பதும் இல்லை. நமக்கு உதவியது நாலு பேருக்கு உதவட்டும் என்று பொதுக் கிடங்கில் ஏற்றிவிடுகிறார். காசு கிடையாது, சொல்லிக்கொள்ளும்படி பேரும் கிடையாது. இவ்வளவு சுத்தமான கொடை இன்றைக்கு அரிது. ஆனால் சில ஆண்டுகளில் ஆர்வம் வடிந்துவிடும். வேலை மாறும், குழந்தை பிறக்கும், வலைப்பதிவே நின்றுபோகும். செருகுநிரல் மட்டும் முகம் தெரியாதவர்களின் தளங்களில் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் ஓட்டை விழுந்து ஒருவருடைய தளம் திருட்டுப்போனால் எழுதியவர் பொறுப்பா? யாரும் கேட்காமலே கொடுத்தவரை, கொடுத்தார் என்பதற்காகவே குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாமா? நிரல் எழுதுகிறவர்களின் தொழிற்சங்கடம் போலத் தெரிந்தாலும் இது பழைய அறக்கேள்விதான்: கொடுத்தபின் கொடுத்தவனுக்குக் கடமை மிச்சம் இருக்கிறதா?

இருக்கிறது என்பது என் கட்சி. ஆனால் அந்தக் கடமை கொடுத்ததால் வருவதன்று; கொடுத்த பொருளின் மீது இன்னும் கை வைத்திருப்பதால் வருவது. பந்தியில் சோறு போட்டவருக்கு, உண்டவர் கை கழுவிப் போனபின் அந்தச் சோற்றின் மேல் எந்தப் பிடியும் இல்லை. செருகுநிரல் அப்படிப்பட்ட பொருளன்று. அதை நிறுவிய ஒவ்வொரு தளத்துக்குள்ளும் எழுதியவருக்கு ஒரு வழி திறந்தே இருக்கிறது. அவர் கிடங்கில் புதிய பதிப்பு ஏற்றினால் எல்லாத் தளங்களின் நிர்வாகப் பக்கத்திலும் புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு தோன்றும். 2020 ஆகஸ்டில் வந்த வேர்ட்பிரஸின் 5.5ஆம் பதிப்பிலிருந்து, செருகுநிரல்கள் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும்படியும் அமைத்துவிடலாம். கோவைப் பக்கத்து அன்னூரில் கடை வைத்திருப்பவர் ஒருவர் கடைக்கென்று தளம் வைத்து, அதில் அந்தத் தமிழ்த் தேதிச் செருகுநிரலைத் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுதியவர் சத்தி ரோட்டில் சரவணம்பட்டி அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கலாம், சான்பிரான்சிஸ்கோவிலும் இருக்கலாம். கடைக்காரர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே அவருடைய சர்வரில் புதிய நிரலை ஓடவைக்கும் வல்லமை எழுதியவருக்கு உண்டு. இந்த வல்லமையைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுத்தாயிற்று, என் வேலை முடிந்தது என்று ஒருவர் சொல்வது கணக்குக்கு ஒத்துவராது.

கொங்கு நாட்டில் இதை யோசிக்க நல்ல துணை ஒன்று உண்டு. 13ஆம் நூற்றாண்டில் பவானி ஆற்றில், காவிரியோடு கலப்பதற்குச் சற்று முன்னால், அணை கட்டி வாய்க்கால் வெட்டியவர் காலிங்கராயன். பவானியில் கிளம்பும் அந்த வாய்க்கால் வளைந்து வளைந்து ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர் ஓடிக் கொடுமுடிப் பக்கத்தில் முடிகிறது. எழுநூறு ஆண்டு தாண்டியும் பாசனம் நடக்கிறது. தன் குடும்பத்தின் நன்மைக்காகத்தான் வெட்டுகிறான் என்று யாரோ பேசியதாகவும், அதற்குப் பதிலாக, தானும் தன் வழியில் வருகிறவர்களும் இந்தத் தண்ணீரைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டுப் பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்ததாகவும் கதை வழங்குகிறது. கதையில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு பிற்காலத்துப் பூச்சு என்று பிரிப்பது என் வேலையன்று. மக்கள் எதைத் தியாகம் என்று நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதே இங்கே சான்று. வழக்கமாக இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அவர் பலனை விட்டதைத்தான் புகழ்வார்கள். நான் பார்ப்பது வேறொன்றை. ஊரை விட்டுப் போனபோது அவர் மதகையும் விட்டுவிட்டுப் போனார். யாருக்கு எத்தனை நாழிகை தண்ணீர், எப்போது தூர் வார வேண்டும், கரை உடைந்தால் யார் மண் போட வேண்டும் என்பதெல்லாம் வாய்க்காலோடு இருந்தவர்கள் கைக்குப் போயிற்று. எல்லாரும் பார்க்க, எல்லாருக்கும் தெரியும்படி போனார். ஊத்துக்குளியில் உட்கார்ந்துகொண்டு மதகை ஏற்றி இறக்கும் உரிமையை அவர் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. வைத்திருந்தால், கரை உடைந்து வயல் மூழ்கிய அன்றைக்கு, நான் ஒரு சொட்டுக்கூடக் குடிப்பதில்லையே என்று அவர் சொல்லும் பதில் எடுபட்டிருக்காது.

அன்னூர்க்காரர்களுக்கு இந்த அணை தூரத்துக் கதையும் அன்று. பல பத்தாண்டுகள் கேட்டுக் கேட்டு 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு அவிநாசித் திட்டம், காலிங்கராயன் அணைக்குக் கீழே வழிந்து போகிற உபரி நீரை எடுத்துத்தான் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்கு அனுப்புகிறது. அதன் ஆறு நீரேற்று நிலையங்களில் ஒன்று அன்னூரில் இருக்கிறது. குழாயில் வரும் நீருக்கு மோட்டார் ஓட வேண்டும், வால்வு பார்க்க வேண்டும், கரண்ட் பில் கட்ட வேண்டும். திறப்பு விழாக் கல்வெட்டோடு முடிகிற காரியமா அது? வள்ளுவர் ஒப்புரவறிதல் அதிகாரத்தில் ஊருக்கு உதவுகிறவனின் செல்வத்தை ஊருணியோடு வைத்துப் பேசுகிறார். அடுத்த அதிகாரமான ஈகை, இல்லாதவனுக்குக் கொடுப்பதைப் பற்றியது. உரைகாரர்கள் இரண்டையும் பிரித்துப் பார்த்ததில் நியாயம் இருக்கிறது. கையில் கொடுத்த காசு அங்கேயே முடிந்துவிடும். ஊருணி பல பேர் பல காலம் நம்பி இறங்குகிற இடம். செருகுநிரல் இரண்டாம் வகை.

நம்பிக்கை எங்கே குடியிருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் செருகுநிரலின் கோப்புறையைத் திறந்தால் போதும். ஒரு பிஎச்பி கோப்பு. அதன் தலையில் குறிப்பாகப் பெயர், பதிப்பு எண், ஆசிரியர். பக்கத்தில் ரீட்மி என்றொரு உரைக்கோப்பு. அதில் டெஸ்டட் அப் டு என்று ஒரு வரி. வேர்ட்பிரஸின் எந்தப் பதிப்பு வரைக்கும் சோதித்துப் பார்த்தாயிற்று என்று ஆசிரியர் தன் வாயால் சொல்லும் வாக்குமூலம் அது. மூன்று பெரிய பதிப்புகள் கடந்தும் அந்த எண் மாறாவிட்டால், இது சோதிக்கப்படவில்லை என்று கிடங்கின் பக்கமே எச்சரிக்கும். எச்சரிக்கை வராமலிருக்க, ஒன்றையும் சோதிக்காமல் எண்ணை மட்டும் ஏற்றிவிடுகிற வழக்கமும் உண்டு. இரண்டு நிமிட வேலை. கூலி வாங்காத ஒருவர், யாரையும் ஏமாற்றும் எண்ணமில்லாமல், சும்மா ஒரு எண்ணை மாற்றுகிறார். ஆனால் படிக்கிறவருக்கு அது சொல்லும் செய்தி, நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன், பார்த்துக்கொள்கிறேன் என்பது. பிழை விட்டதைக் காட்டிலும் இது எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. பிழை யாருக்கும் வரும். தேடுபெட்டியில் வந்ததைச் சுத்தம் செய்யாமல் அப்படியே திரையில் அச்சிட்டுவிட்டு, அந்த ஒற்றை வரியால் தளத்தையே திறந்து விட்டவர்களில் தேர்ந்த நிரலாளர்களும் உண்டு. காவல் இல்லாத இடத்தில் காவல் இருப்பதாகக் காட்டுவது அந்தக் கணக்கில் வராது.

பிடியை எப்படி விடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் போதும். டிஸ்பிளே விட்ஜெட்ஸ் என்ற வேர்ட்பிரஸ் செருகுநிரல் சுமார் 2 லட்சம் தளங்களில் இருந்தது. எந்தப் பக்கத்தில் எந்தப் பெட்டி தெரிய வேண்டும் என்று அமைக்க உதவும் எளிய கருவி. 2017இல் அது கைமாறியது. புதியவர் காசு கொடுத்து வாங்கினார். அடுத்து வந்த பதிப்புகளில் அந்தத் தளங்களில் விளம்பரக் குப்பையை ஏற்றும் பின்வாசல் சேர்ந்திருந்தது. தளத்துக்காரர் உள்நுழைந்து பார்த்தால் குப்பை அவர் கண்ணுக்குத் தெரியாது. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் தெரியும். கிடங்கிலிருந்து பலமுறை நீக்கி, அந்த ஆண்டு செப்டம்பரில்தான் ஒரேயடியாகத் தூக்கினார்கள். மறு ஆண்டு ஈவென்ட் ஸ்ட்ரீம். ஜாவாஸ்கிரிப்ட் உலகில் வாரத்துக்கு ஏறக்குறைய 20 லட்சம் முறை இறக்கப்பட்ட சிறு நிரல். எழுதிய டொமினிக் டார் அதைப் பயன்படுத்துவதையே விட்டுவிட்டிருந்தார். நான் பராமரிக்கிறேன் என்று மின்னஞ்சல் அனுப்பிய முன்பின் தெரியாத ஒருவரிடம் காசு வாங்காமல் கொடுத்துவிட்டார். வந்தவர் பிட்காயின் பணப்பையைத் திருடும் நிரலை உள்ளே நுழைத்தார். ஒருவர் விற்றார், ஒருவர் இனாமாகக் கொடுத்தார்; பெற்றவர்களுக்கு நேர்ந்தது ஒன்றே. இரண்டிலும் கைமாறியது நிரல் மட்டும் அன்று. முதல் ஆசிரியர் பேரில் மக்கள் வைத்திருந்த நம்பிக்கை, அந்த மக்களுக்குத் தெரியாமலே இன்னொருவர் கைக்குப் போயிற்று. பலன் எதிர்பார்க்காத மனம் இதற்கு ஈடாகாது என்பதை இரண்டாம் நிகழ்ச்சி காட்டுகிறது.

இங்கேதான் நம்மவர்கள் முதலில் எடுத்து வைக்கும் மறுப்பு வரும். செயலைச் செய், பலனை விடு என்பதுதானே கீதை? செய்து முடித்ததோடு ஒட்டிக்கொண்டே இருப்பதுதானே பற்று? உன் செருகுநிரல் என்ன ஆயிற்று என்று காலமெல்லாம் கவலைப்படச் சொல்வது நிஷ்காம கர்மத்துக்கு எதிரல்லவா? கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கீதையின் இரண்டாம் அத்தியாயம் விடச் சொல்வது செய்தவனுக்கு வந்து சேரும் பலனை: புகழை, ஆதாயத்தை, வெற்றி தோல்வியின் ருசியை. அடுத்தவனுக்குப் போய்ச் சேரும் விளைவைக் கவனிக்காதே என்று அது எங்கும் சொல்லவில்லை. அதே அத்தியாயம் செயல்நேர்த்தியையும் யோகத்தையும் சேர்த்தே வைக்கிறது. பற்றின்மைக்கும் பாராமுகத்துக்கும் வெளித்தோற்றம் ஒன்றாக இருக்கலாம். இரண்டும் யார் நன்மைக்கு என்று கேட்டால் வேறுபாடு தெரிந்துவிடும். பலனைத் துறந்தவன் தனக்கு வருவதை இழக்கிறான். பாராமுகமாக இருப்பவன் தன் சிரமத்தைத்தான் மிச்சம் பிடிக்கிறான். சலித்துப்போன நிரலாளர் இரண்டாவதைச் செய்துவிட்டு முதலாவதன் பெயரைச் சூட்டிக்கொள்வது மனித இயல்புதான், அதற்காகக் கீதையைச் சாட்சிக்கு இழுக்க வேண்டியதில்லை.

எண்ணம்தான் வினை, கெட்ட எண்ணம் இல்லாதபோது வினை ஒட்டாது என்பது அடுத்த மறுப்பு. பௌத்தத்தில் இதற்கு வலுவான ஆதாரம் உண்டு. புத்தர் சேதனையையே, அதாவது எண்ணத்தையே, கர்மம் என்று வரையறுத்தார். சமணர்கள் இதை முழுதாக ஏற்கவில்லை. இரு தரப்பும் தமிழில் எவ்வளவு காரமாக மோதிக்கொண்டன என்பதற்கு நீலகேசியே சாட்சி. எனக்கு இந்த இடத்தில் சமணம்தான் கூர்மையாகப் படுகிறது. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் ஹிம்சையை வரையறுக்கும்போது, கவனக்குறைவால் உயிருக்குச் செய்யும் கேடு என்று பிரமாதத்தை, அதாவது அசட்டையை, மையத்தில் வைக்கிறது. கொல்ல நினைத்தாயா என்பதோடு கேள்வி நிற்கவில்லை. பார்த்து நடந்தாயா என்றும் கேட்கிறது. துறவிக்கு அது விதிக்கும் ஐந்து சமிதிகளில், அதாவது கவன ஒழுக்கங்களில், ஒன்று, பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் பார்த்துச் செய்வது. இன்னொன்று, கழிப்பதைக் கூட உயிர்கள் இல்லாத இடம் பார்த்துக் கழிப்பது. ஒன்றை உண்டாக்குவதற்கு மட்டுமல்லாமல் கீழே வைப்பதற்கும் கைவிடுவதற்கும் ஒழுக்கம் உண்டு என்று இவ்வளவு நுணுக்கமாக யோசித்த மரபு வேறெதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. இந்தச் சமயம் கொங்கு மண்ணில் விருந்தாளியும் அன்று. விஜயமங்கலத்துச் சமணக் கோயில் இன்றும் நிற்கிறது; பெருங்கதை தந்த கொங்குவேளிர் அந்த ஊர்க்காரர்; நன்னூல் செய்த பவணந்தி முனிவரின் ஊர் பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரம் என்பது இந்தப் பகுதியார் கொள்கை. (நன்னூலும் ஒருவகையில் பராமரிப்பு வேலைதான், தொல்காப்பியத்துக்குப் பின் மொழி மாறியிருந்தது, இலக்கணத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது.)

சட்டம் தெரிந்தவர்கள் உரிமத்தைக் காட்டுவார்கள். வேர்ட்பிரஸும் அதன் கிடங்கிலுள்ள செருகுநிரல்களும் ஜிபிஎல் உரிமத்துக்கு இசைந்து வெளியாகின்றன. அதன் இரண்டாம் பதிப்பில் 11, 12ஆம் பிரிவுகள் பெரிய எழுத்திலேயே அச்சானவை: எந்த உத்தரவாதமும் கிடையாது, எந்த நட்டத்துக்கும் எழுதியவர் பொறுப்பில்லை. தெரிந்துதானே எடுத்தாய்? இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. பொய் வாக்குறுதி தராமல் முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை. வழக்கு வந்தால் நிற்கவும் வேண்டும். ஆனால் உரிமம் பேசுவது நேற்று தந்த நிரலைப் பற்றி. அதில் உத்தரவாதம் இல்லாததற்கு ஈடாக மூலநிரலும் கூடவே வருகிறது. வேண்டுமானால் பார்த்துக்கொள், திருத்திக்கொள் என்று பெற்றவனைச் சமமாக நிறுத்துகிறது. நாளை வரப்போகும் பதிப்பை யார் கையில் ஒப்படைக்கிறேன் என்பதைப் பற்றி அந்தப் பிரிவுகளில் ஒரு சொல் இல்லை. அன்னூர்க் கடைக்காரர் பிஎச்பி படிக்கத் தெரிந்தவரும் அல்லர். நீதிமன்றம் கேட்காத கேள்வியை அறம் கேட்கும். அதற்கு நீதிமன்றத்தில் தந்த பதிலையே தந்தால் போதாது.

எனக்கு உண்மையிலேயே கனமாகப் படுகிற மறுப்பு வேறு. இப்படிக் கடமை கடமை என்று ஏற்றினால் இனி யார் எழுதுவார்கள்? சும்மா இருந்தவனுக்கு ஒரு பழியும் இல்லை, கொடுத்தவனுக்கு ஆயுள் தண்டனையா? எக்ஸ்இசட் விவகாரம் இந்த அச்சத்தை நியாயப்படுத்துகிறது. லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் அந்தச் சுருக்கக் கருவியை லாஸ்ஸே காலின் என்பவர் பல ஆண்டுகள் கூலியில்லாமல் பேணிவந்தார். தன் மனநலம் சரியில்லை என்று அவரே சொல்லியிருந்த காலத்தில், ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளைப் போடுங்கள் என்று சில கணக்குகள் அவரை நச்சரித்தன. 2022இல் நடந்தது இது. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக உதவி செய்து, நம்பிக்கை பெற்று, உரிமையும் பெற்று, கடைசியில் பின்வாசல் வைத்தார். 2024 மார்ச் இறுதியில், உள்நுழைவு அரை நொடி தாமதமாவது ஏன் என்று தேடிப்போன ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற நிரலாளர் அதைக் கண்டுபிடித்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இதைப் படித்துவிட்டு காலின் மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. பார்க்கப்போனால் அவரைக் கவிழ்த்ததே, கொடுத்தவன் ஓயக்கூடாது என்கிற எல்லையற்ற கடமைதான். நான் சொல்லும் கடமை அதற்கு நேர்மாறானது. இனி என்னால் முடியாது என்று வாய்விட்டுச் சொல்ல அது இடம் தருகிறது. சொல்லியே ஆக வேண்டும் என்றும் கேட்கிறது. வேர்ட்பிரஸ் கிடங்கில் தத்தெடுக்கச் சொல்லும் அடொப்ட் மீ என்ற குறிச்சொல் ஒன்று உண்டு, அதை ஒட்டலாம். புதிய பதிப்பு வராது என்று முதல் வரியிலேயே எழுதலாம். கிடங்கில் அதை மூடச் சொல்லலாம். ஆள் கிடைத்தால், அவர் செய்யும் மாற்றங்களைக் கொஞ்ச காலம் கூட இருந்து பார்த்து, பெற்றவர்களுக்கும் அறிவித்துவிட்டுக் கொடுக்கலாம். இவற்றில் எதுவும் ஆயுள் தண்டனை அன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடிகிற வேலை. 2016 மார்ச்சில் அஸேர் கோச்சுலு வெறும் 11 வரி கொண்ட லெஃப்ட் பேட் என்ற தன் ஜாவாஸ்கிரிப்ட் நிரலைச் சொல்லாமல் கொள்ளாமல் கிடங்கிலிருந்து பிடுங்கியபோது உலகமெங்கும் மென்பொருள் கட்டுமானங்கள் நின்றன. அவருக்கு அந்தக் கிடங்கை நடத்திய நிறுவனத்தோடு மனத்தாங்கல் இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. விலகும் உரிமை அவருக்கு உண்டு என்றே சொல்வேன்; அறிவிக்காமல் விலகியதில்தான் குறை.

பெற்றவர்களுக்கும் பங்கு உண்டு, அதை விட்டுவிட்டால் வாதம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஏரியும் வாய்க்காலும் அரசன் வெட்டியதாகவே இருந்தாலும், ஆண்டுக்கொரு முறை தூர் வாருவதும் கரை கட்டுவதும் ஆயக்கட்டுக்காரர் கூடிச் செய்யும் குடிமராமத்தாகத்தான் நம் ஊர்களில் இருந்தது. தண்ணீர் பாய்ச்சுகிறவன் ஆள் அனுப்ப வேண்டும், முடியாதவன் அதற்குரியதைக் கொடுக்க வேண்டும். அந்த ஏற்பாடு நொடித்தபோது ஏரிகள் என்ன ஆயின என்று எல்லாருக்கும் தெரியும். இலவச நிரலில் வணிகம் நடத்துகிற நிறுவனங்கள் இன்று பெரும்பாலும் ஆள் அனுப்பாத ஆயக்கட்டுக்காரர்களாகவே இருக்கின்றன. கரை உடைந்த அன்று மட்டும் குரல் கேட்கும். ஆனால் குடிமராமத்து நடக்க ஒரு முன்நிபந்தனை உண்டு. இது இனி உங்கள் வாய்க்கால் என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். டெஸ்டட் அப் டு வரியில் எண் மட்டும் ஏறிக்கொண்டிருந்தால் யாருக்கும் மண்வெட்டி எடுக்கத் தோன்றாது.

மிச்சமிருக்கும் கடினமான இடம் சாவு. வலைப்பதிவுக்காரர் ஒருநாள் இறந்துபோகிறார். கடவுச்சொல் அவரோடு போகிறது. செருகுநிரலுக்கு விலகல் அறிவிப்பு எழுதக் கை இல்லை. காலிங்கராயன் கதையில் சத்தியம் வாரிசுகளையும் கட்டியது. நமக்கு அப்படிக் கட்ட உரிமை இல்லை. நிரல் என்றால் என்னவென்றே தெரியாத மனைவியோ மகனோ 2 லட்சம் தளங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எந்த அறமும் கேட்க முடியாது. ஆகவே அந்த வேலை உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டியதாகிறது: இன்னொருவரை இணைப் பராமரிப்பாளராகச் சேர்த்துக்கொள்வது, அப்படி ஆள் இல்லையென்றால், இத்தனை மாதம் என்னிடமிருந்து சத்தம் இல்லாவிட்டால் இதைக் கைவிடப்பட்டதாகக் கொள்ளுங்கள் என்று ரீட்மியில் முன்னாலேயே ஒரு வரி எழுதி வைப்பது. எத்தனை மாதம் என்பது செருகுநிரலைப் பொறுத்தது. தமிழ்த் தேதி காட்டுவதற்கு ஓராண்டு தாராளம். பணம் வாங்கும் படிவத்துக்கு மூன்று மாதமே அதிகம்.